யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஒரே நாளில், ஒரே ரயில் பெட்டியில், இரண்டு சிரிப்புகளைக் கேட்டோம். ஒன்று நம்முடையது. எண்ணிப் பார்த்தால் மற்றொன்றும் நம்முடையதுதான்.

சென்னை மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடையில், பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைப்பாட நூல்களைத் தேடிச் சென்றிருந்தோம். தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது. முனை மடிந்த ஓர் ஆங்கில நூல். அதன் அடையாளமாக ஒரு படம்: அகன்ற தொப்பி, அடர்ந்த மீசை, பருத்த முகம், இளிக்கும் வாயில் ஒரு பொற்பல். தலைப்பு, 'மெக்சிகனைக் கேள்!' ஓர் இனத்தையே கேலி செய்யும் குப்பை போலும் என்று எண்ணித்தான் புரட்டினோம். இரண்டு பக்கம் படித்ததும் கடைக்காரர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, கவரைப்பேட்டைக்குத் திரும்பும் மின்சார ரயிலில் ஏறினோம். மீஞ்சூர் வருவதற்குள் நாலைந்து முறை வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அது முதல் சிரிப்பு.

பொன்னேரியில் மூன்று இளைஞர்கள் ஏறினார்கள். படித்தவர்கள்; நம்மவர்கள். ஒருவர் கைப்பேசியின் பின்புறத்தில் பெரியாரின் படம் ஒட்டியிருந்தது. எதிர் இருக்கையின் ஓரத்தில் ஒரு வடமாநிலத் தொழிலாளி. மடியில் பை, பையின்மேல் தொழிற்சாலைத் தலைக்கவசம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"என்ன வடக்கா, டிக்கெட் இருக்கா?" என்றார் ஒருவர்.

"அவனுக்கு ஏதுடா டிக்கெட்?" என்றார் மற்றவர்.

அந்தத் தொழிலாளிக்கு அவ்வுரையில் புரிந்தது ஒரே சொல். சட்டைப் பையிலிருந்து பயணச்சீட்டை எடுத்துப் பணிவோடு நீட்டினார். நீட்டியபடியே சிரிக்கவும் செய்தார். அவர் சிரித்ததைக் கண்டு மூவரும் மேலும் சிரித்தார்கள். அது இரண்டாம் சிரிப்பு.

நாம் என்ன செய்தோம்? கையில் இருந்த நூலை மூடிவைத்துவிட்டு, சாளரத்துக்கு வெளியே பார்த்தோம். ஒரு சொல் பேசவில்லை. பிள்ளைகளுக்கு 'யாதும் ஊரே' என்று பாடம் நடத்துகிற வாய் அது! அந்த வெட்கம்தான் இந்தத் திறனாய்வை எழுதச் சொல்லிற்று.

ஒரு வேடிக்கை வளர்ந்த கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்ட்டி என்றொரு மாவட்டம். அங்கே வெளிவந்துகொண்டிருந்த 'ஓ.சி. வீக்லி' என்னும் வார ஏட்டில் செய்தியாளராக இருந்தவர் குஸ்தாவோ அரெல்லானோ. 1979இல் அதே மாவட்டத்தின் அனஹைம் நகரில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை எல்லையைக் கடந்தது ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு. மகன் அதை மறைக்கவில்லை, மார்தட்டி எழுதினார்.

2004ஆம் ஆண்டில் அந்த ஏட்டின் ஆசிரியருக்கு ஒரு வேடிக்கை தோன்றிற்று. மெக்சிகரைப் பற்றி வெள்ளையர் மனத்தில் கிடக்கும் ஐயங்களையெல்லாம் ஒரு மெக்சிகனிடமே கேட்டால் என்ன? ஒரே ஒரு வாரத்துக்கு என்று தொடங்கிய விளையாட்டு அது. முதல் கேள்வி, வெள்ளையரை மெக்சிகர் ஏன் 'கிரிங்கோ' என்று அழைக்கிறார்கள் என்பது. விடை இரண்டே வரியில் முடிந்தது: மெக்சிகர் யாரும் அப்படி அழைப்பதில்லை, வெள்ளையர்தாம் அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், மெக்சிகர் உங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'கபாச்சோ' என்று சொல்லி, கேட்டவன் அறியாத வசைச்சொல் ஒன்றையும் அவனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்!

கேள்விகள் குவிந்தன. ஒரு வாரப் பத்தி, பதின்மூன்று ஆண்டுப் பத்தியாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட ஏடுகள் அதை எடுத்து வெளியிட்டன. 2007இல் நூலாயிற்று, அந்த நூல்தான் எப்படியோ கடல் கடந்து மூர் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வந்த கேள்விகள் எத்தகையவை? மெக்சிகர் ஏன் உடுத்திய துணியோடு கடலில் குளிக்கிறார்கள்? ஏன் ஆங்கிலம் கற்பதில்லை? ஏன் இத்தனை பிள்ளைகள்? அறிந்துகொள்ளும் ஆவலில் கேட்டவர் சிலர். அடிக்கக் கேட்டவர் பலர். இத்தகைய கேள்வியைக் குப்பைக்கூடையில் எறிவதே நாகரிகம் என்பார் நல்லவர். அரெல்லானோ எறியவில்லை. அச்சிட்டார், கீழே விடையும் எழுதினார்.

அந்த விடைகளில் மூன்று பண்புகளைக் காண்கிறோம்.

முதலாவது, பேனா யார் கையில் என்பது. ஓர் இனத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசும். அந்த இனம் மட்டும் பேசாது. பேச அதற்கு மேடை கிடையாது. இந்தப் பத்தியிலோ பேசப்பட்டவனே பேசுகிறான். கேலிக்கு இலக்கானவனே கேலியின் ஆசான் ஆகிறான்.

இரண்டாவது, வசைக்கு வசை என்று நின்றுவிடாமல் சான்று காட்டுவது. முதல் வரியில் கிண்டல் இருக்கும். மூன்றாம் வரியில் வரலாறு வந்து நிற்கும். மெக்சிகர் ஆங்கிலம் கற்பதில்லை என்று குறை சொல்கிறவர்களின் பாட்டன்மார் யார்? இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் நம்மோடு கலக்க மாட்டார்கள், தரம் தாழ்ந்தவர்கள் என்று 1911இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் டில்லிங்ஹாம் குழு தொகுதி தொகுதியாக அறிக்கை எழுதிற்று. அன்று பழிக்கப்பட்டவனின் பேரன் இன்று பழிக்கிறான். இந்த முரணைக் காட்டுகிற இடத்தில் சிரிப்பு அறிவாகிறது.

மூன்றாவது, தன்னினத்தையும் விட்டுவைக்காதது. வடக்கே வெள்ளையன் தன்னைத் தாழ்த்துகிறான் என்று குமுறும் மெக்சிகன், தனக்குத் தெற்கே பிறந்த குவாதமாலா நாட்டவனைத் தாழ்த்துவதை அரெல்லானோ குத்திக் காட்டினார். மிதிபடுகிறவனும் தன் காலடியில் மிதிக்க ஒருவனைத் தேடுகிறான். சாதி அடுக்கில் பிறந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

அந்த மண்ணின் வடு

இந்தக் கேலியின் அருமை, அது பிறந்த மண்ணை அறிந்தால்தான் விளங்கும். கலிபோர்னியா மெக்சிகோவுக்குச் சொந்தமாக இருந்த நிலம். போரில் தோற்ற மெக்சிகோ, 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அதை அமெரிக்காவிடம் இழந்தது. பிறகு 1942இலிருந்து 1964வரை, வயல்களுக்கு ஆள் வேண்டுமென்று அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு மெக்சிகத் தொழிலாளரை வரவழைத்தது. வேலைக்கு அவர்கள் வேண்டும்; வீதியில் அவர்கள் வேண்டாம்!

ஆரஞ்சு கவுண்ட்டியில் மெக்சிகப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி. வெள்ளையர் பிள்ளைகளோடு அவர்கள் உட்காரக்கூடாது. மெண்டஸ் என்னும் குடும்பத்தாரும் வேறு நான்கு குடும்பத்தாரும் வழக்காடினார்கள். 1946இல் நீதிமன்றம் அந்தப் பிரிவினை தவறென்றது. 1947இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. தீண்டாமைக்குக் கடல் தடையில்லை என்பதற்கும், அதை எதிர்த்து நிற்க நாலைந்து குடும்பம் போதும் என்பதற்கும் இது சான்று.

1994இல் அதே கலிபோர்னியாவில் 187ஆம் முன்மொழிவு என்ற ஒன்றை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். உரிய தாள் இல்லாமல் குடியேறியவரின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியின் கதவை அடைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அந்தக் கசப்பை யார் தடுப்பது? அந்தக் கசப்பினிடையே வளர்ந்த இளைஞர், பத்து ஆண்டு கழித்து 'கேள், விடை சொல்கிறேன்' என்று சிரித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

நம் வீட்டுக் குத்தூசி

இந்நூலைப் படிக்கப் படிக்க நமக்கு ஒருவர் நினைவு வந்துகொண்டே இருந்தார். தஞ்சை மாவட்டத்துக் குருவிக்கரம்பையில் 1906இல் பிறந்து, 1929இல் சாதி மறுத்துக் குஞ்சிதம் அம்மையாரைச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு, 1965இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்த குருசாமிதான் அவர். 'விடுதலை' நாளேட்டில் அவர் எழுதிய பத்தியின் பெயர் 'பலசரக்கு மூட்டை'. எழுதியவர் பெயர் 'குத்தூசி'.

அரிசி மண்டிக்குப் போனவர்கள் குத்தூசியை அறிவார்கள். கூரிய முனையும் குழிந்த வயிறும் கொண்ட இரும்புக் கருவி. மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒரு குத்துக் குத்தி இழுத்தால், உள்ளே கிடக்கும் அரிசி ஒரு பிடி வெளியே வந்துவிடும். மேலே வெள்ளை அரிசி, உள்ளே புழுத்த அரிசி என்றால் அந்த ஊசி காட்டிக்கொடுத்துவிடும். அன்றாடச் செய்தி ஒன்றை எடுப்பது, அதற்குள் ஊசியைச் செலுத்துவது, உள்ளே இருந்த புராணப் புழுவையும் சாதிப் பூச்சியையும் உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவது — இதுதான் குருசாமியின் கலை. அவருக்கு முன்பே, 1925இல் பிறந்த 'குடி அரசு' ஏட்டில், பெரியார் 'சித்திரபுத்திரன்' என்ற பெயரில் கேள்வியும் விடையுமாக எழுதிய நையாண்டிகள் அந்தப் பாதையைப் போட்டுவைத்திருந்தன. குருசாமி மறைந்த பின்னும் அந்தப் பேனா ஓய்ந்துவிடவில்லை. தியாகராசன் என்பார் 'சின்னக் குத்தூசி' என்று பெயர் சூடிக்கொண்டு 2011இல் மறையும்வரை எழுதினார்.

தோழர்களே! இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். குத்தூசி குத்துவது மூட்டையை. மூட்டை தூக்குகிறவனை அல்ல. சாத்திரத்தைக் குத்தியது, சாத்திரத்தால் நசுங்கியவனைக் குத்தவில்லை. ரயில் பெட்டியில் நம் இளைஞர் மூவரும் ஊசியைச் செலுத்தியது எங்கே? மூட்டை சுமக்கிறவன் முதுகில்! அவர்கள் சிரித்த சிரிப்புக்குக் குருசாமியின் வழி என்று பெயர் சூட்டினால், குருசாமி மன்னிக்கமாட்டார்.

குற்றமும் உண்டு

அரெல்லானோவைப் புகழ்ந்து மட்டும் முடித்தால் அது திறனாய்வு ஆகாது. அந்தப் பொற்பல் படத்தை மெக்சிகரிலேயே பலர் வெறுத்தார்கள். எதிரி வரைந்த இழிசித்திரத்தை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்றார்கள். பொருளுள்ள வினா. விடையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு, அவனுடைய பழைய வெறுப்பை அது இன்னும் கொஞ்சம் ஊட்டித்தான் அனுப்பும். நாமே கடையில் அந்தப் படத்தைப் பார்த்து ஏமாந்தோமே!

மற்றொரு குறை இதனினும் பெரிது. பெண்ணின் உடலை வைத்துப் பின்னிய வேடிக்கைகள் அந்த நூலில் மலிந்து கிடக்கின்றன. இனத்தின் பேரால் வரும் இழிவை எதிர்க்கும் பேனா, பெண் என்றதும் பழைய தெருத்திண்ணைப் பேச்சில் இறங்கிவிடுகிறது. குஞ்சிதம் அம்மையார் போன்ற பெண்கள் மேடையேறிப் பேசிய இயக்கத்தின் வழிவந்த நாம் அந்தப் பக்கங்களைச் சிரிக்காமல்தான் புரட்டினோம்.

ஆனாலும் அந்தப் பேனா மேல்நோக்கிக் குத்த அஞ்சாதது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பின்னாளில் அந்த ஏட்டுக்கே ஆசிரியரானார் அரெல்லானோ. 2017இல், பணியாளரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்ற நிலை வந்தபோது, அதைச் செய்ய மறுத்து வேலையை உதறினார். பத்தியும் அத்தோடு நின்றது. 2019இல் ஏடே நின்றுபோயிற்று. பிறர் சோற்றுக்காகத் தன் சோற்றை விட்டவனுடைய கேலிக்கு ஒரு தகுதி இருக்கிறது.

கள்ளத்தோணியும் ஈர முதுகும்

அமெரிக்கர் மெக்சிகரை ஏசப் பயன்படுத்திய சொற்களில் ஒன்றின் பொருள், 'ஈர முதுகன்'. எல்லையாற்றை நீந்திக் கடந்து களவாக வந்தவன் என்பது குறிப்பு. இதைப் படித்தபோது நம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இதே வசையை நம்மவர் கேட்டதில்லையா? இலங்கையின் தேயிலை மலைகளைத் தம் முதுகெலும்பால் உயர்த்திய தமிழனை அந்நாட்டில் எப்படி அழைத்தார்கள்? 'கள்ளத்தோணி!' அங்கே ஆறு, இங்கே கடல், அங்கே நீந்தினான், இங்கே தோணியேறினான், வசை ஒன்றே. அழைத்ததோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. முதலில் கேலி, பிறகு சட்டம்!

பம்பாயை மறந்தோமா? 1966இல் அங்கே சிவசேனை எழுந்தபோது, வேலையைப் பறிக்க வந்தவன் என்று முதலில் கைநீட்டப்பட்டவன் 'மதராசி'. அவன் கட்டிய லுங்கியே அவர்களுக்குக் கேலிப் பாட்டாயிற்று. இன்று அந்தக் கேலியை நாம் கடன் வாங்கி, கவரைப்பேட்டைத் தேநீர்க் கடையில் வட்டிக்கு விடலாமா?

"இந்தித் திணிப்பை எதிர்க்கிறோம், அதனால் கேலி செய்கிறோம்" என்று சிலர் சொல்லக்கூடும். 1938இலும் 1965இலும் இம்மண் எதிர்த்தது இந்தித் திணிப்பை. திணித்தவன் அதிகாரத்தில் இருந்தான், ஆணை பிறப்பித்தான். சிப்காட்டில் இரும்பு தூக்குகிறவனா அந்த ஆணையைப் பிறப்பித்தவன்? அவன் தாய்மொழி இந்திதான் என்று நமக்கு யார் சொன்னது? ஒடிசாவிலிருந்து வந்தவன் மொழி ஒடியா. அசாமிலிருந்து வந்தவன் மொழி அசாமியாக இருக்கலாம். சார்க்கண்டிலிருந்து வந்தவன் மொழி சந்தாலியாக இருக்கலாம். தர்பங்கா மண்ணின் மொழி மைதிலி. பழைய இலக்கியம் உடைய அந்த மொழி, இந்தியின் கிளை என்று சொல்லி ஓரங்கட்டப்பட்டு, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றது. இந்தி விழுங்கப் பார்த்த மொழிக்காரனையே இந்திக்காரன் என்று ஏசுகிறோம். இது பகுத்தறிவா?

"குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறான்" என்ற குறையும் உண்டு. அது புறந்தள்ளத்தக்கதன்று, வேலையில்லா இளைஞனின் வயிறு பேசுகிறது. ஆனால் அந்தக் கேள்வி போகவேண்டிய முகவரி வேறு. கூலியைக் குறைப்பவன் கூலியாள் அல்ல. அவனைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரனும், ஒப்பந்தக்காரனுக்குப் பின்னால் நிற்கும் முதலாளியும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்குப் பயணப்படி கொடுக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்றெல்லாம் 1979இலேயே ஒரு சட்டம் விதித்தது. அது எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்பதுதான் குத்தூசியின் கேள்வி. அந்த மூட்டையைக் குத்துங்கள்; புழுத்த அரிசி கொட்டும்!

நம் ஊர் இதனினும் உயர்ந்தது

2024 அக்டோபர் 11ஆம் நாள் இரவு. மைசூரிலிருந்து தர்பங்கா நோக்கிச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, நம் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு வண்டியின்மேல் மோதிற்று. பெட்டிகள் தடம் புரண்டன. ஒரு பெட்டி தீப்பற்றிற்று. காயம் பட்டவர் பலர். நல்வாய்ப்பாக உயிரிழந்தவர் இல்லை. அன்று இருட்டில் முதலில் ஓடியவர்கள் யார்? ஊர் மக்கள். பயணிகளைப் பக்கத்துத் திருமண மண்டபங்களில் தங்கவைத்து, உணவும் நீரும் தந்து அனுப்பிவைத்தார்கள். "நீ வடக்கனா? டிக்கெட் இருக்கிறதா?" என்று அன்று யாரும் கேட்கவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பியவர்களுக்குக் கவரைப்பேட்டை அன்றிரவு கொடுத்தது செயலால் ஆன மறுப்பு.

அந்த இரவில் கை நீட்டிய ஊர், பகலில் நாக்கை நீட்டலாமா?

ஆகவே ஒன்று செய்தோம். நாம் மாலையில் கூடும் படிப்பகத்தின் கையெழுத்து ஏட்டில் 'வடக்கனைக் கேள்!' என்று ஒரு பகுதி தொடங்கினோம். இளைஞர்கள் மனத்தில் தோன்றுவதை ஒளிக்காமல் எழுதி ஒரு பெட்டியில் போடலாம். விடை சொல்ல, எட்டு ஆண்டாக இங்கே உழைத்து நன்றாகவே தமிழ் பேசும் ஒடிசாத் தொழிலாளி ஒருவர் இசைந்தார். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

முதல் கேள்வி: "நீங்கள் ஏன் எங்கே போனாலும் கூட்டமாகவே போகிறீர்கள்?"

விடை: "தனியாகப் போனால் டிக்கெட் கேட்கிறீர்களே!"

படிப்பகமே சிரித்தது. சிரித்தவர்களில் அந்த ரயில் தோழர்கள் மூவரில் ஒருவரும் இருந்தார். சிரித்து முடித்தபின் அவர் முகம் சிவந்ததையும் பார்த்தோம். நம் முகம் எப்படி இருந்தது என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும். அடுத்த வாரத்துக்கு அவர் எழுதிப் போட்ட கேள்வி, பெட்டியில் கிடக்கிறது: "உங்கள் ஒப்பந்தக்காரர் ஒரு நாள் கூலியில் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்?"

ஊசி மூட்டையின் பக்கம் திரும்பிவிட்டது.